யார் முதலில் சொல்வது?

ஒரு டிபன் பாக்ஸ். உள்ளே சோறு, முட்டை, ஒரு ஓரத்தில் ஆக்டோபஸ் போலச் செய்த குட்டி சாசேஜ். ஜப்பானில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு வீட்டில் கட்டிக்கொடுக்கும் சாதாரணப் பதார்த்தம்தான் அது. சாசேஜின் அடிப்பாகத்தைக் கத்தியால் கீறிவிட்டு வாணலியில் போட்டால், சூட்டில் கால்கள் விரிந்து ஆக்டோபஸ் மாதிரி நிற்கும்.

அதை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் குடும்பத்தின் சொத்து மதிப்பு 200 லட்சம் கோடி யென் என்று கதை சொல்கிறது. வீட்டில் சமையலுக்கென்றே தேர்ந்த ஆட்கள் உண்டு. எல்லாம் கிடைக்கும், அந்த ஆக்டோபஸைத் தவிர. "எனக்கு ஒண்ணு தர்றியா?" என்று கேட்டால் விஷயம் முடிந்துவிடும். கேட்க மாட்டாள். ஆசையை அடக்கிக்கொண்டு பார்ப்பதில் பார்வை முறைப்பாக மாறிவிடுகிறது. டிபன் பாக்ஸுக்குச் சொந்தக்காரன் கஷ்டப்பட்ட குடும்பத்துப் பையன். காலையில் தானே எழுந்து சமைத்துக் கட்டிக்கொண்டு வந்தவன். நம் சாப்பாட்டைப் பார்த்து இளக்காரமாக நினைக்கிறாள் என்று அவன் முடிவுகட்டிவிடுகிறான். இதற்கு நடுவே இவர்களுடைய தோழி ஒருத்தி துள்ளிக்கொண்டு வந்து, "எனக்குக் கொஞ்சம்" என்று வாய்விட்டுக் கேட்டு, வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

ககுயா-சமா என்ற மாங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், எனக்கு மிகவும் பிடித்த ஆரம்பகால அத்தியாயங்களில் இது ஒன்று. முதல் தடவை படித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். நாலைந்து தடவை படித்த பிறகு வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் பெண்ணுக்குக் கேட்கத் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு, தன்னை ஒருவர் மதிப்பார் என்று நம்பத் தெரியவில்லை. 28 தொகுதிகளும் இந்த இரண்டு குறைகளைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

அகா அகாசகா வரைந்து எழுதிய தொடர் இது. 2015-இல் ஷூயிஷா நிறுவனத்தின் 'மிராக்கிள் ஜம்ப்' இதழில் தொடங்கியது. அடுத்த வருடம் 'வீக்லி யங் ஜம்ப்' இதழுக்கு மாறி 2022 நவம்பரில் முடிந்தது. அதன் அனிமேஷன் வடிவமான அனிமே மூன்று சீசன் வந்தது, அதன் பிறகு ஒரு திரைப்படம். அனிமேயை மட்டும் பார்த்த நண்பர்கள் பலர் இதை ஒரு கலகலப்பான காமெடி என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கலகலப்புக்கு அடியில் ஓடுவதைப் பற்றி.

கதை எளிது. ஷூசியின் என்ற மேட்டுக்குடிப் பள்ளி. அதன் மாணவர் மன்றத் தலைவன் மியுகி ஷிரோகானே. துணைத்தலைவி ககுயா ஷினோமியா. பரீட்சையில் அவன் முதலிடம், அவள் இரண்டாமிடம். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம். ஆனால் யார் முதலில் சொல்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள் என்று இருவரும் தனித்தனியாக முடிவு செய்துவைத்திருக்கிறார்கள். எனவே எதிராளியைச் சொல்லவைப்பதற்கான யுத்தம். இரண்டு சினிமா டிக்கெட், ஒரு குடை, ஒரு போன் நம்பர், ஒரு கோப்பை காபி, எல்லாமே ஆயுதம். அத்தியாய முடிவில் இன்று யாருக்குத் தோல்வி என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அறிவிப்பு வேறு வரும்.

ஜப்பானியக் கதைகளில் இந்த 'சொல்லுதல்' ஒரு சடங்கு போன்றது. 'கொகுஹாகு' என்பார்கள். பிடித்திருக்கிறது, என்னுடன் பழகுவாயா என்று நேருக்கு நேர் நின்று சொல்ல வேண்டும். பள்ளிக் கட்டடத்தின் பின்புறமோ மொட்டைமாடியோ, தனியாக வரச் சொல்லி, தலையைக் குனிந்து சொல்வதுதான் வழக்கமான காட்சி. அதற்கு முன் எத்தனை பழகியிருந்தாலும் கணக்கில் வராது. சொன்ன பிறகுதான் 'காதலர்கள்'. அதனால் சொல்லும் நிமிடம் ஒரு வாசற்படி. நிற்கிறவர் முழுக்க வெளிச்சத்தில் நிற்கிறார். எதிரே இருப்பவர் இருட்டில். அகாசகா செய்ததெல்லாம், இந்த வாசற்படியில் இரண்டு மகா புத்திசாலிகளை நிறுத்தி, 'நீ முதலில் போ' என்று ஒருவரையொருவர் தள்ளவைத்ததுதான்.

எனக்கு இது அந்நியமாகவே படவில்லை. முதலில் போன் பண்ணுகிறவன் இறங்கிப்போகிறவன் என்று எண்ணி எத்தனை உறவுகளை நாம் காயவிடுகிறோம்! என் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

ககுயாவின் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஷினோமியா குடும்பத்தில் அன்பு என்பது பலவீனம். மனிதர்கள் கருவிகள். அண்ணன்களே எதிரிகள். அப்பா பேசுவதே அபூர்வம். அப்படி வளர்ந்த பெண்ணுக்கு யாராவது நல்லது செய்தால், இவன் என்ன எதிர்பார்க்கிறான் என்றுதான் மனது முதலில் கேட்கும். காதலை அவள் யுத்தமாக்குவது திமிரால் அல்ல. அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி அது. ஷிரோகானேயின் கதை இன்னும் கசப்பு. சின்ன வயதில் ஒரு நுழைவுத்தேர்வில் தோற்றான். அம்மா வீட்டை விட்டுப் போனபோது தங்கையைக் கூட்டிக்கொண்டு போனார், இவனை விட்டுவிட்டார். திறமை இருந்தால்தான் நேசிக்கப்படுவோம் என்று அன்று மனதில் பதிந்தது. அதனால்தான் பார்ட் டைம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கப் படிக்கிறான். தூக்கம் இல்லாமல் சிவந்த அந்தக் கண்களைத்தான் பள்ளியே கம்பீரமான பார்வை என்று மெச்சுகிறது.

இப்படி இரண்டு பேர். ஒருத்திக்கு யாரையும் நம்ப வராது. ஒருவனுக்குத் தன்னையே நம்ப வராது.

பட்டாசு அத்தியாயத்துக்கு வருவோம். ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது. கோடை விடுமுறை. மன்றத்து நண்பர்கள் நால்வரும் வாணவேடிக்கை பார்க்கப் போவதாகப் பேச்சு. ககுயா, கோடையில் உடுத்தும் யுகாதா உடை எல்லாம் எடுத்துவைத்திருக்கிறாள். கடைசி நேரத்தில் வீட்டில் அனுமதி இல்லை. பெரிய வீட்டின் ஜன்னல் வழியே தூரத்தில் வெடிக்கிற சத்தம் மட்டும் வருகிறது. பணிப்பெண் ஹயாசகாவின் உதவியோடு தப்பி ஓடுகிறாள். ஓடி, வண்டி பிடித்து, நெரிசலில் மாட்டி, இறங்கி மறுபடி ஓடிப் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. சந்து ஒன்றில் தனியாக நின்று அழுகிறாள்.

அங்கே ஷிரோகானே வந்து நிற்கிறான். மூச்சு வாங்குகிறது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவள் கேட்கவில்லை, அவனே சொல்கிறான். உன் மனதில் என்ன ஓடுகிறது என்று தினமும் மண்டையை உடைத்துக்கொள்கிறவன் நான், அதோடு பார்த்தால் இது ரொம்பச் சுலபம் என்கிற பொருளில். அப்புறம் நால்வரும் ஒரு டாக்ஸியில் ஏறி, வேறொரு இடத்தில் இன்னும் முடியாமல் இருக்கும் வாணவேடிக்கையைத் துரத்திக்கொண்டு போகிறார்கள்.

வானம் முழுக்க வண்ணம். ககுயா பார்ப்பது வானத்தை அல்ல, பக்கத்தில் இருப்பவன் முகத்தை. தன் நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் பட்டாசுச் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு பக்கம் திருப்ப முடியவில்லை. அதுவரை ஐந்து தொகுதிகளாக அந்த இரண்டு பேரும் எதிராளியின் மனதைப் படிப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். சதுரங்கக்காரர்கள் மாதிரி அவள் இதைச் செய்வாள், அதற்கு நான் அதைச் செய்வேன் என்று. அதே திறமையை அவன் ஒரு தடவை, அழுகிற ஒருத்தியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறான். ஆயுதமாக இருந்தது அப்படியே கைவிளக்காகிவிட்டது. ஒருவரை இவ்வளவு நாள் இவ்வளவு கூர்ந்து கவனித்ததற்கு யுத்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் யாருக்குத் தோல்வி என்ற அறிவிப்பை நான் கவனிப்பதையே விட்டுவிட்டேன்.

காதல் பகுதியைப் பற்றி இணையத்தில் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் அதிகம் பேச நினைப்பது பொருளாளர் இஷிகாமியைப் பற்றி.

யூ இஷிகாமி ஒரு வகுப்பு இளையவன். முடி கண்ணை மறைக்கும். கழுத்தில் எப்போதும் ஹெட்போன். எதையும் பட்டென்று சொல்லிவிட்டுப் பிறகு வருத்தப்பட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பும் பையன். பள்ளியில் பாதிப் பேர் அவனை அருவருப்பாகப் பார்க்கிறார்கள். காரணம் வெகு நாள் கழித்துத்தான் நமக்குத் தெரிகிறது. நடுநிலைப் பள்ளியில் ஓதோமோ என்ற பெண் இவனிடம் சாதாரணமாக, அன்பாகப் பேசுவாள். அவளுடைய காதலன் யோக்கியமானவன் இல்லை என்று இவனுக்குத் தெரியவருகிறது. கேட்கப் போன இடத்தில் அந்தக் காதலன் அவளை வைத்தே இவனை மிரட்டுகிறான். இவன் அடித்துவிடுகிறான். வகுப்பு மொத்தமும் பார்க்க, அந்தப் பையன் கதையைத் திருப்பிப்போடுகிறான். இஷிகாமிதான் அவள்மேல் வெறி பிடித்துப் பின்தொடர்கிறவன் என்று. அவளே இஷிகாமியை வெறுக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம். சொன்னால் அவள் நொறுங்கிப்போவாள். அதனால் சொல்லவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பள்ளிக்குத் திரும்பலாம் என்கிறார்கள். தப்புச் செய்யாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்பது? எழுதவும் முடியவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அறையை அடைத்துக்கொண்டு, அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கதவைத் தட்டிக்கொண்டு ஷிரோகானே வருகிறான். ஆறுதல் சொல்ல வரவில்லை. விசாரித்துவிட்டு வந்திருக்கிறான். நடந்தது என்னவென்று மன்றத்தார் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்திருக்கிறார்கள். நீ காப்பாற்ற நினைத்தவள் இன்றைக்கும் எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள், நீ நினைத்தது நடந்துவிட்டது என்கிறான். பிறகு பேனாவை எடுத்து, மன்னிப்பு எழுத வேண்டிய அந்தத் தாளில், தாள் முழுக்கப் பெரிய எழுத்தில், "வாய மூடு, முட்டாளே!" என்ற பொருளில் எழுதுகிறான். நீ எழுதவேண்டியது இதுதான் என்று.

காமெடி மாங்காவில் இப்படி ஒரு பக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது என் கதை. கல்லூரி விடுதியில் மெஸ் கணக்கு நோட்டு இரண்டாம் வருடம் என் கையில் இருந்தது. ஒரு மாதம் 4,000 ரூபாய் இடித்தது. கடைக்காரருக்குக் கொடுத்த ஒரு தொகையை யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஆனால் தெரிவதற்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் யாரும் என்னை நேராக எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நான் உட்கார்ந்த மேஜையில் பேச்சு நின்றுவிடும். தட்டோடு எழுந்து வேறு மேஜைக்குப் போனவர்களும் உண்டு. ஒரே ஒருவன் மட்டும் தினமும் ராத்திரி என் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்து, எப்போதும் போல, சாம்பாரில் உப்பு இல்லை என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டான். அவனும் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமலே அவனும் சந்தேகப்படுகிறான், பாவம் பார்த்து உட்காருகிறான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில் அவனிடமும் பேச்சைக் குறைத்தேன். விஷயம் தீர்ந்த பிறகும் பழையபடி ஆகவில்லை. கல்லூரி முடிந்து அவன் ஒரு ஊர், நான் ஒரு ஊர். அவன் கூப்பிடட்டும் என்று நான். நான் கூப்பிடட்டும் என்று அவன் நினைத்தானோ என்னவோ.

ஏழெட்டு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் இன்னொரு நண்பன் பேச்சுவாக்கில் சொன்னான். அந்த நாட்களில் அவன் வார்டனிடம் கெஞ்சி நோட்டை வாங்கி, பில் கட்டை ராத்திரி ராத்திரியாகச் சரிபார்த்திருக்கிறான். விடுபட்ட அந்தத் தொகையைக் கண்டுபிடித்ததே அவன்தானாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் செய்யவில்லை என்பதில் அவனுக்குக் கேள்வியே இல்லாததால்தான் என்னைக் கேட்கவில்லை. அந்த மௌனத்தை நான் நேர்மாறாகப் படித்துவைத்திருந்தேன்.

ஷிரோகானே இஷிகாமியின் கதவைத் தட்டும் பக்கத்தைப் படித்த அன்று அந்த மெஸ் மேஜை அப்படியே கண்முன் வந்தது. எவர்சில்வர் தட்டு, தண்ணீர் ஜக், எதிரே உப்பில்லாத சாம்பாரைத் திட்டுகிற ஒருவன்.

சரி, இஷிகாமிக்குத் திரும்புவோம். அவன் கதை அங்கே முடியவில்லை. விளையாட்டு விழாவுக்காக ஆரவாரக் குழுவில் சேருகிறான். அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் கலகலப்பானவர்கள், அழகானவர்கள், சத்தமானவர்கள். அகாசகா இங்கே ஒரு வேலை செய்திருக்கிறார். அவர்கள் முகங்களை வரையவே இல்லை. கண் இருக்கும் இடம் வெறுமை. படிக்கும்போது, சின்னப் பாத்திரங்கள்தானே, சோம்பலில் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். விழா நாளில் ஓதோமோ அவன் எதிரே வந்து நின்று பழையதைக் கிளறுகிறாள். அவனுக்கு உலகம் இருண்டுவிடுகிறது. தொடர் ஓட்டத்துக்கு முன் ஷிரோகானே அவன் தலைப்பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, என்ன சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரியுமே என்கிறான். இஷிகாமி அவளைப் பார்த்து, அந்தத் தாளில் இருந்த அதே வாக்கியத்தைக் கத்திவிட்டு ஓடுகிறான். ஜெயிக்கவில்லை. தோற்று அழுதுகொண்டு வருபவனைச் சுற்றி அந்தக் குழு ஓடிவந்து தோளில் கைபோடுகிறது. அப்போதுதான் முதல்முறையாக அவர்களுக்கு முகம் வருகிறது. இத்தனை நாள் முகம் இல்லாமல் இருந்தது அவர்களுக்கு அல்ல, அவன்தான் பார்க்கவில்லை.

அன்றைக்கும் ஓதோமோவிடம் அவன் உண்மையைச் சொல்லவில்லை என்பதும் முக்கியம். வேறு கதையாக இருந்தால் அவள் அழுது மன்னிப்புக் கேட்கும் காட்சி வந்திருக்கும், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்போம். இங்கே அது இல்லை. தன்னை நம்பும் நாலு பேர் கிடைத்த பிறகு, நம்பாத ஒருத்தியிடம் நிரூபிக்கவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லாமல் போகிறது.

மிகோ இயினோ என்று இன்னொருத்தி மன்றத்துக்குள் வருகிறாள். சட்டதிட்டம் பேசுகிறவள். அவளுக்கும் இஷிகாமிக்கும் ஏழாம் பொருத்தம், வாயைத் திறந்தால் சண்டை. ஆனால் அவன் பள்ளிக்குத் திரும்ப முடியாமல் இருந்தபோது ஆசிரியர்களிடம் போய் அவனுக்காகப் போராடியவள் அவள். மேடையில் நின்றால் குரல் நடுங்கும் அவளைத் தேர்தலில் யாரும் கேலி செய்யவிடக்கூடாது என்று ஷிரோகானேயிடம் கேட்டுக்கொண்டவன் அவன். அவன் செய்தது அவளுக்குத் தெரியாது, அவள் செய்தது அவனுக்குத் தெரியாது. வாசிக்கிற நமக்கு மட்டும் தெரியும். இவர்கள் ஒவ்வொரு முறை சண்டை போடும்போதும் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று சூடாக இருக்கும்.

பெயர்களைப் பற்றி ஒரு விஷயம். ஜப்பானில் ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழைய கதை ஒன்று உண்டு. மூங்கில் வெட்டும் கிழவர் ஒரு கணுவுக்குள் கண்டெடுத்த குட்டிப் பெண் வளர்ந்து ககுயா இளவரசி ஆகிறாள். ஐந்து பெரிய மனிதர்கள் பெண் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நடக்கவே முடியாத ஒரு வேலை கொடுக்கிறாள். ஒருவருக்கு வெள்ளி வேரும் பொன் தண்டும் கொண்ட மரத்தின் கிளை. இன்னொருவருக்குக் குருவிக் கூட்டில் இருக்கும் சிப்பி. கடைசியில் அவள் நிலாவுக்கே திரும்பிப் போகிறாள். பேரரசருக்குக் கடிதமும் சாவா மருந்தும் விட்டுப்போகிறாள். அவள் இல்லாத உலகில் சாகாமல் இருந்து என்ன செய்வது என்று அவர் அதை ஒரு மலையுச்சியில் எரிக்கச் சொல்கிறார். அந்த மலைதான் ஃபூஜி என்பார்கள்.

'ஷிரோகானே' என்றால் வெள்ளி. 'இஷிகாமி' என்ற எழுத்துகளைப் பழைய முறையில் படித்தால் சிப்பி தேடிப் போய் விழுந்தவரின் குடும்பப் பெயர். இஷிகாமி ஆசைப்படும் சீனியர் பெண்ணின் பெயரில் குருவியும் சிப்பியும் இரண்டுமே இருக்கின்றன. அந்தக் காதல் கைகூடாது என்பது பெயரிலேயே இருந்தது என்று தெரிந்தபோது எனக்கு மனது கனத்தது.

இலையுதிர்கால நிலா பார்க்கும் இரவில் மன்றத்தார் மொட்டைமாடியில் கூடுகிறார்கள். ஷிரோகானேக்கு நட்சத்திரம் என்றால் உயிர். அன்றைக்கு அவனுக்கு யுத்தம், ஸ்கோர் எதுவும் ஞாபகத்தில் இல்லை. அந்தப் பழங்கதையின் முடிவு தனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். நானாக இருந்தால் ககுயாவை நிலாவுக்குப் போகவே விடமாட்டேன், போனாலும் எத்தனை வருடம் ஆனாலும் போய்க் கூட்டிவருவேன் என்கிறான். கதையில் வரும் இளவரசியைப் பற்றித்தான் பேசுகிறான். பக்கத்தில் இருக்கும் ககுயா முகம் சிவந்து மூச்சுத் திணறுகிறாள். எப்போதும் அவளைக் குடும்பப் பெயரால் 'ஷினோமியா' என்றும், அவள் அவனைப் பதவியால் 'தலைவரே' என்றும் அழைத்துப் பழகியவர்கள். கணவர் பெயரைச் சொல்லாத நம் பாட்டிகளுக்கு அந்த ஒரு பெயரின் கனம் உடனே புரிந்திருக்கும்.

காதல் எப்படித்தான் முடிந்தது? கலாசார விழாவில். அந்த விழாவின் பெயருக்கே இதயத்தைக் காணிக்கையாகத் தருவது என்று பொருள். அங்கே இதய வடிவில் எதையாவது கொடுத்தால் காதல் நிலைக்கும் என்று ஓர் ஐதீகம். ஷிரோகானே தயாரிப்பெல்லாம் பிரம்மாண்டமாகச் செய்கிறான். வானம் முழுக்க இதய வடிவ பலூன்கள். ஆனால் கவனித்தால், அந்த மணிக்கூண்டு உச்சியிலும் 'பிடித்திருக்கிறது' என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகிறேன், நீயும் வா என்கிறான் அவன். அவள் முத்தத்தால் பதில் சொல்கிறாள். பலருக்கு இது ஏமாற்றம். இவ்வளவு நாள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தானே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் உண்மையான சொல்லுதல் அதற்குப் பிறகுதான் வருகிறது. முத்தத்தோடு கதை முடியாமல், அவன் தூக்கம் கெட்டு, உடம்பு ஒத்துழைக்காமல் படுக்கையில் விழுந்த பிறகு. தான் பலவீனமானவன், நடிப்பை நிறுத்தினால் நீ போய்விடுவாய் என்று பயப்படுகிறவன் என்பதை அவன் மறைக்க முடியாமல் போகும் இடம் அது. பலூன் விடுவதைவிட அது எவ்வளவோ கஷ்டம். அவளுக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பலவீனமானவன்தான்.

கடைசியாக ஹயாசகா. என்னைக் கேட்டால் இந்த மாங்காவின் மிகக் கடினமான நம்பிக்கைக் கதை இவளுடையது. ககுயாவோடு கூடவே வளர்ந்தவள். இவள் அம்மாதான் ககுயாவைப் பால் கொடுத்து வளர்த்தவர். பகலில் பள்ளியில் யாரோ போல நடிப்பாள், ராத்திரி எஜமானியின் காதல் புலம்பலைக் கேட்பாள். கியோட்டோ சுற்றுலாவில் உண்மை வெடிக்கிறது. ககுயாவைப் பற்றிய எல்லாத் தகவலையும் சிறு வயதிலிருந்து மூத்த அண்ணனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் ஹயாசகா. தன் குடும்பத்தைக் காக்க வேறு வழி இல்லை. ஒவ்வொரு நாளும் துரோகம் செய்துகொண்டே ஒவ்வொரு நாளும் நேசித்திருக்கிறாள்.

யாரையும் நம்பாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒருத்திக்கு, அவள் நம்பிய முதல் ஆளே ஒற்றன் என்று தெரியவருகிறது. குடும்பம் சொன்னது சரிதான் என்று முடிவுக்கு வர இதைவிட என்ன வேண்டும்? ககுயா அந்த முடிவுக்கு வரவில்லை. அழுகிறாள், வலிக்கிறது, வலிக்கிறது என்பதை மறைக்கவும் இல்லை. பிறகு, இனி எஜமானி வேலைக்காரி வேண்டாம், என் தோழியாக இரு என்று கேட்கிறாள். ஒரு சாசேஜைக் கூடக் கேட்கத் தெரியாமல் இருந்த அந்தப் பெண். அதற்குப் பிறகு ஹயாசகாவின் வாயில் 'ககுயா-சமா' என்பதிலிருந்து 'சமா' என்ற அந்த மரியாதை ஒட்டு உதிர்ந்துவிடுகிறது.

நான் அடிக்கடி திருப்பிப் பார்ப்பது வேறொரு அத்தியாயம். ககுயாவிடம் சின்ன வயதிலிருந்து ஒரு பழைய மடக்கு போன் இருக்கும். எல்லோரும் ஸ்மார்ட்போனுக்கு மாறிய பிறகும் அவள் மாறவில்லை. பள்ளிக்காகப் புகைப்படம் எடுக்கும் நாளில் அது மேலிருந்து விழுந்து உடைந்துபோகிறது. உள்ளே இருந்த படங்களை மீட்க வழியில்லை. மன்றத்தில் கழித்த நாட்களின் படங்கள் எல்லாம் போய்விட்டன. புது போன் வாங்குகிறாள். வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் போனில் இருப்பதை ஒரு பொது ஆல்பத்தில் போடத் தொடங்குகிறார்கள். படங்கள் வந்து குவிகின்றன. அவளுக்கே தெரியாமல் எடுத்த படங்கள், அவள் தூங்கும் படம், அவள் சிரிக்கும் படம். அவள் தொலைத்ததைவிட அதிகம். தன்னை இத்தனை பேர் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அத்தியாயத்தை மறுபடி படித்து முடித்துவிட்டு அவனுக்கு போன் போட்டேன். நம்பர் அதேதான். இரண்டாவது ரிங்கில் எடுத்தான். என்ன பேசுவது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "மெஸ் நோட்ட நீதான் பாத்தியாமே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அதுக்கு இப்ப என்னடா" என்றான். அப்புறம், "சாப்பிட்டியா?" என்று கேட்டான். ஒன்றரை மணி நேரம் பேசினோம். ராத்திரி வாட்ஸப்பில் பதினோரு படம் அனுப்பியிருந்தான். எல்லாம் மங்கல், பழைய போனில் எடுத்தவை. ஒன்றில் நான் மெஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படத்தின் ஓரத்தில், எதிர்ப்பக்கம், அவன் தட்டு.